ரேம் வாங்குமுன் ஒரு மாலைப் பொழுது

அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டு மேசைக் கணினிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டார்கள். ஏற்கெனவே 8 இருந்தது. இரண்டும் சேர்ந்து 16 ஆனது. ரேம் போடுவதற்கு முன் கணினி திறக்க நான்கு நிமிடம் ஆகும். போட்ட பிறகும் அதே நான்கு நிமிடம்தான். "மாப்பிள்ளை, ரூபாயையும் கொடுத்துவிட்டோம், கம்ப்யூட்டர் இருந்த மாதிரியே இருக்கிறதே" என்று அத்தான் போனில் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். 16 ஜிபியில் 11 ஜிபி சும்மா கிடந்தது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் ஓட முடியாமல் இரைந்துகொண்டிருந்தது. பிறகு சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாட்டினோம். அரை நிமிடத்தில் திறந்தது. முதலிலேயே அதை வாங்கியிருந்தால் ரேமுக்குக் கொடுத்த பணம் மிஞ்சியிருக்கும்.

கணினி மெதுவாக இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. ரேம் அவற்றில் ஒரே ஒரு குறைக்குத்தான் மருந்து. அந்தக் குறை உங்கள் கணினிக்கு இருக்கிறதா என்பதை வீட்டில் உட்கார்ந்தபடி, ஒரு பைசா செலவில்லாமல், ஒரு மாலை நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவது அதற்கு முக்கியக் காரணம். 'போட்டுத்தான் பார்ப்போமே' என்று வாங்கும் காலமாக இது இல்லை.

பட்டாசலும் அரங்கும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "எங்கள் கம்ப்யூட்டரில் 1 டிபி மெமரி இருக்கிறது, ஆனாலும் மெதுவாக ஓடுகிறது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த 1 டிபி என்பது படங்களும் கோப்புகளும் தங்கியிருக்கும் ஹார்ட் டிஸ்க். ரேம் வேறு.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பட்டாசல் என்ற கூடம் இருக்கும். அதற்குள்ளே அரங்கு வீடு என்ற உள்ளறை இருக்கும். நெல்லும் பாத்திர பண்டங்களும் அரங்கில். வேலை நடப்பது பட்டாசலில். கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு நடக்கும்போது பாருங்கள்: பட்டாசலில் ஒரு மூலையில் தேங்காய் துருவுகிறார்கள், இன்னொரு மூலையில் முருங்கைக்காய் நறுக்குகிறார்கள், வாசல் பக்கம் பச்சடிக்கு இஞ்சி தோல் சீவுகிறார்கள். இடம் தாராளமாக இருக்கும்வரை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். இடம் போதாவிட்டால் தேங்காய்க் கூடையைத் தூக்கி அரங்குக்குள் வைத்துவிட்டு இஞ்சிக் கூடையை வெளியே கொண்டுவர வேண்டும். சற்று நேரத்தில் தேங்காய் கேட்டால் மறுபடியும் மாற்ற வேண்டும். நறுக்குகிறவர் எவ்வளவு கைவேகம் உள்ளவராக இருந்தாலும் இந்தத் தூக்கிவைக்கும் வேலையிலேயே பொழுது போய்விடும்.

ரேம்தான் பட்டாசல். டிஸ்க்தான் அரங்கு. ரேம் நிரம்பிவிட்டால் விண்டோஸ், இப்போது தேவைப்படாத பகுதியை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைல் என்ற கோப்புக்குள் தள்ளிவிடும்; தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். டிஸ்க் எப்போதுமே ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது, அதிலும் சுழலும் ஹார்ட் டிஸ்க் மிக மெதுவானது. ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது சுட்டி உறைந்து நிற்பது இதனால்தான். அதே சமயம் இரண்டு பேர் மட்டும் வேலை செய்கிற பட்டாசலை இரண்டு மடங்கு அகலப்படுத்தினால் சமையல் விரைவாக முடிந்துவிடாது. அக்கா வீட்டில் நடந்தது இதுதான்.

மின்சாரம் போனால் ரேமில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய ரேமின் அடிப்படை அமைப்பை 1966-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ராபர்ட் டெனார்ட் கண்டறிந்தார்: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. அந்தக் குட்டி மின்தேக்கியில் மின்னூட்டம் நிற்காமல் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், பொதுவாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். ஐப்பசி மழையில் கரண்ட் போகும்போது சேமிக்காத கடிதம் காணாமல் போவதன் காரணம் அந்தக் கசிவுதான். எவ்வளவு பெரிய ரேம் போட்டாலும் இது மாறாது. அதற்கு யூபிஎஸ் வேண்டும்.

அளந்து பார்க்கும் மாலை

முதலில் கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுன்' செய்து திரும்பப் போட்டால் போதாது. விண்டோஸ் 10-லும் 11-லும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கினால் ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் ஒரு பகுதியை டிஸ்க்கில் பத்திரப்படுத்தி மறுபடி அப்படியே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். சில வீடுகளில் இந்த ஒரே செயலில் பாதிக் குறை தீர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, உங்கள் வீட்டில் உண்மையாக நடக்கும் வேலையைச் செய்யுங்கள். இது மிக முக்கியம். வெறும் முகப்புத் திரையை வைத்து அளந்தால் எந்தப் பயனும் இல்லை. பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, பக்கத்தில் பாடக் குறிப்பு, பிரவுசரில் பதினைந்து டேப், உங்களுடைய கணக்கு எழுதும் எக்செல், வாட்ஸ்அப் என்று எல்லாம் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்தான் அளக்க ஏற்ற நேரம். அரை மணி நேரம் அப்படியே ஓட விடுங்கள்.

இப்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய் 'மெமரி'யைத் தொடுங்கள். நான்கு எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: இன் யூஸ், அவைலபிள், கமிட்டெட், ஹார்ட்வேர் ரிசர்வ்ட். பிறகு அதே இடத்தில் 'டிஸ்க்'கைத் தொட்டு அது எத்தனை சதவீதம் ஓடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

'அறுபது சதவீதம் நிரம்பிவிட்டதே' என்று பதற வேண்டாம். மிஞ்சிய ரேமையும் விண்டோஸ் சும்மா வைத்திருக்காது; அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை அதில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். அதைத்தான் 'கேஷ்டு' என்று காட்டுகிறது; அது பெரும்பாலும் அவைலபிள் கணக்கிலேயே சேரும். வேறு வேலைக்கு இடம் தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது அவைலபிள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதும், கமிட்டெட் என்ற வரியில் முதலில் இருக்கும் எண் உங்கள் மொத்த ரேமைத் தாண்டுகிறதா என்பதும்தான்.

சேரன்மகாதேவியில் பொறியியல் படிக்கும் நண்பர் மகனின் மடிக்கணினியில் நான் எழுதிவைத்த கணக்கைச் சொல்கிறேன். 4 ஜிபி ரேம். வரைபட மென்பொருளும் பிரவுசரும் திறந்திருந்தபோது இன் யூஸ் 3.5, அவைலபிள் 0.4, கமிட்டெட் 6.8. அதாவது அவனுடைய வேலை கேட்பது ஏழு ஜிபி அளவுக்கு, இருப்பது நான்கு. மிச்சத்தை டிஸ்க்தான் சுமந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று தேடித் திறந்தேன். அதில் மெமரிப் பகுதியில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' என்று ஒரு கோட்டுப் படம் இருக்கும். தேவைப்பட்ட பகுதி ரேமில் இல்லாமல் டிஸ்க்குக்குப் போய் எடுக்க நேர்ந்த தடவைகளின் எண்ணிக்கை அது. அவன் வரைபடத்திலிருந்து பிரவுசருக்கு மாறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. "சித்தப்பா, நான் கிளிக் செய்தால்தான் அது ஏறுகிறது" என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். ரேம் குறை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

உங்கள் கணினியில் இப்படி இருந்தால் தயங்காமல் ரேம் கூட்டுங்கள்.

டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது, அவைலபிள் 3 ஜிபிக்கு மேல் இருக்கிறது என்றால் அது ரேம் குறை இல்லை. டிஸ்க் சுழலும் வகையா என்று பாருங்கள்; டாஸ்க் மேனேஜரே 'எச்டிடி', 'எஸ்எஸ்டி' என்று பிரித்துச் சொல்லும். எச்டிடி என்றால் முதல் செலவு எஸ்எஸ்டிக்குத்தான் போக வேண்டும்.

சிபியூ, அதாவது செயலி, எப்போதும் உச்சத்தில் நிற்கிறது என்றால் அதை அப்படி ஓட்டும் நிரலின் பெயரை 'பிராசஸஸ்' பட்டியலில் தேடுங்கள். காலையில் நன்றாக ஓடிவிட்டு உச்சி வெயில் நேரத்தில் மட்டும் மந்தமாகிறதா? கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டு அறையில், விசிறியில் புழுதி அடைத்த கணினி சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு தூரிகையும் பத்து நிமிடமும் போதும். இணையப் பக்கங்கள் மட்டும் மெதுவாகத் திறக்கின்றன என்றால் குறை கணினியில் இல்லை, இணைப்பில் இருக்கலாம்.

ரேம் விளிம்பில் இருக்கிறது, கொஞ்சம்தான் போதவில்லை என்றால், செலவுக்கு முன் இன்னொரு வழி இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போய், கணினி திறக்கும்போதே தானாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும் நிரல்களில் வேண்டாதவற்றை நிறுத்துங்கள். குரோமிலும் எட்ஜிலும் பயன்படுத்தாத டேபைத் தூங்கவைக்கும் வசதி உண்டு, அதை இயக்குங்கள். வீட்டில் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஓடினால் ஒன்றை நீக்குங்கள்.

எவ்வளவு போதும்

என் அனுபவத்தில் 4 ஜிபியிலிருந்து 8-க்குப் போகும்போது கிடைக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். படிப்பு, கடிதம், வங்கி, படம் பார்ப்பது ஆகியவற்றுக்கு 8 போதும். புகைப்படக் கடை வேலை, அழைப்பிதழ் வடிவமைப்பு, வீடியோ வெட்டி ஒட்டுவது, பொறியியல் வரைபடம் என்றால் 16. அதற்கு மேல் வேண்டியவர்களுக்கு அது தங்களுக்கு வேண்டும் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இந்தக் கணினிக்கு வாழ்வு இருக்கிறதா

குறை ரேம்தான் என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும்; இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியாக இருக்க வேண்டும். டிடிஆர்3 என்ற பழைய தலைமுறை ரேம் போடும் மேசைக் கணினிகள் அநேகமாக இந்த வரம்புக்குள் வராது. அவற்றுக்குப் புது ரேம் தேடுவதைவிடக் கழற்றி விற்கும் பழைய ரேமைக் குறைந்த விலைக்கு வாங்கி, லினக்ஸ் மின்ட் போன்ற இலகுவான இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

இங்கே அரசு மடிக்கணினிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்கா வாங்கியதை இன்று தங்கை பிள்ளைகள் பயன்படுத்தும் வீடுகள் எங்கள் மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன. என் கைக்கு வந்த பழையவற்றில் 2 ஜிபிதான் இருந்தது. பிள்ளைகள் அதை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் தூக்கிப் போடச் சொல்ல மனம் வராது. ஆனால் ரேம் வாங்கும் முன் 'சிஸ்டம்' பகுதியில் 32-பிட் என்று இருக்கிறதா, 64-பிட் என்று இருக்கிறதா என்பதைப் பாருங்கள். 32-பிட் விண்டோஸ் பொதுவாக 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. அதிலும் மூன்றேகால், மூன்றரைதான் கைக்குக் கிடைக்கும். அந்த இயங்குதளத்தை மாற்றாமல் 8 ஜிபி போடுவது வீண் செலவு.

எதை வாங்குவது

டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பக்கத்திலேயே பாதி விவரம் இருக்கிறது. 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' என்ற இடத்தில் 2-இல் 1 என்று இருந்தால் ஓர் இடம் காலியாக இருக்கிறது. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'டிஐஎம்எம்' என்று இருந்தால் மேசைக் கணினியின் நீளமான ரேம்; 'எஸ்ஓடிஐஎம்எம்' என்று இருந்தால் மடிக்கணினியின் குட்டை ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் மதர்போர்டு என்ற தாய்ப் பலகையிலேயே பற்றவைத்தது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் இப்படித்தான். 2020 இறுதியிலிருந்து எம்1 சில்லோடு வந்த ஆப்பிள் கணினிகளிலும் பின்னால் ரேம் கூட்ட வழி கிடையாது.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. தங்க நிற விளிம்பில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். மடிக்கணினிக்கு டிடிஆர்3 வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1.5 வோல்ட் வகை ஒன்று, 1.35 வோல்ட்டில் ஓடும் 'எல்' வகை இன்னொன்று. குறைந்த வோல்ட் கேட்கும் கணினியில் மற்றதைப் போட்டால் திறக்காது. ஒட்டியிருக்கும் தாளில் பிசி3 என்பதற்குப் பக்கத்தில் எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அதே தாளில் 12800 என்று இருந்தால் எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 1600 என்பது வேகம். வேகம் வேறான இரண்டைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வண்ணார்பேட்டைக்கோ முருகன்குறிச்சிக்கோ கடைக்குப் போகும்போது பழைய ரேமையே கழற்றி ஒரு தாளில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள். பலகை எவ்வளவு ரேம் வரை ஏற்கும் என்பதைக் கணினியின் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் பக்கத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று வாங்கும் முன்பே கேளுங்கள், பில் வாங்குங்கள். சரிபாதியாக இரண்டு ரேம் போட்டால் செயலிக்கும் ரேமுக்கும் இடையிலுள்ள இரண்டு தடங்களிலும் தரவு ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் அந்த வேகம் நன்றாகவே தெரியும். ஆனால் 4-உடன் 8 சேர்த்து 12 ஆக்குவதும் தவறில்லை. சேரன்மகாதேவித் தம்பிக்கு அப்படித்தான் செய்தோம்.

மாட்டும்போது

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மடிக்கணினி என்றால் பேட்டரியையும் கழற்ற வேண்டும். பின்பக்கத்தைத் திறந்தால் உத்தரவாதம் போகுமா என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் துணி விரித்த கட்டிலில் வைத்து வேலை செய்ய வேண்டாம். மர மேசை நல்லது. ரேமைத் தொடும் முன் கணினிப் பெட்டியின் வண்ணம் பூசாத இரும்பை ஒருமுறை தொட்டுவிடுங்கள். ரேமை விளிம்பில் பிடியுங்கள், தங்கப் பற்களில் விரல் படக் கூடாது.

மேசைக் கணினியில் நான்கு பள்ளங்கள் இருந்து இரண்டு ரேம் போடுவதானால் பெரும்பாலும் செயலியிலிருந்து இரண்டாவதும் நான்காவதும் சரியான இடங்கள். வெட்டைப் பொருத்திப் பார்த்து, இரு முனையிலும் கட்டைவிரலை வைத்துச் சமமாக அழுத்துங்கள். பக்கத்துக் கொக்கி தானாக மூடி 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். புதியவர்கள் இந்த இடத்தில் பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். பாதி இறங்கிய ரேம்தான் கணினி திறக்காமல் போவதற்கு முதல் காரணம். மடிக்கணினியில் ரேமைச் சாய்வாக, ஏறத்தாழ முப்பது பாகையில் உள்ளே செருகி, பிறகு கீழே படுக்கவைத்தால் இரு பக்கக் கம்பிகளும் பிடித்துக்கொள்ளும்.

முதல் முறை திறக்கும்போது திரை ஓரிரு நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம், குறிப்பாக டிடிஆர்5-இல். காத்திருங்கள். அதற்கு மேலும் வராவிட்டால் அணைத்துவிட்டு ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். உவரி, இடிந்தகரைப் பக்கம் கடற்காற்று படும் வீடுகளில் பழைய ரேமின் பற்கள் மங்கிப்போய் இருப்பதைக் கண்டிருக்கிறேன். மென்மையான பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட்டு மாட்டினால் பல நேரம் ஓடிவிடும். ஊதினால் எச்சில் ஈரம் படும்.

திறந்த பிறகு மொத்த அளவு சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். 8 போட்டு 7.8 காட்டினால் கவலை வேண்டாம், மிச்சத்தைக் கணினிக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போன்ற பாகங்கள் எடுத்துக்கொண்டிருக்கும்; முதலில் எழுதிவைத்த 'ஹார்ட்வேர் ரிசர்வ்ட்' என்பது இந்த அளவுதான். அன்று இரவே தேடல் பெட்டியில் 'விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்' என்று தேடிச் சோதனையை ஓட விடுங்கள். குறையுள்ள ரேம் பல நாள் நல்லபடி ஓடிவிட்டு, பிள்ளை பிராஜெக்ட் சமர்ப்பிக்கும் நேரத்தில் நீலத் திரை காட்டும். மாற்றித் தரும் காலக்கெடுவுக்குள் அதைக் கண்டுபிடிப்பது நல்லது.

மறுநாள் மாலை முதலில் செய்த அதே வேலையை அதே வரிசையில் செய்து, அதே நான்கு எண்களைப் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். தம்பியின் மடிக்கணினியில் கமிட்டெட் அநேகமாக முன்பிருந்த அளவிலேயே, 6.9 இருந்தது, அவைலபிள் 0.4-இலிருந்து 5.7 ஆகியிருந்தது. ஹார்ட் ஃபால்ட்ஸ் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. அவன் வரைபடத்துக்கும் பிரவுசருக்கும் மாறி மாறிப் பத்துத் தடவை கிளிக் செய்து பார்த்துவிட்டு அந்தத் தாளை மடித்து ரேம் பில்லோடு சேர்த்து வைத்துக்கொண்டான்.